மருந்தும் மூச்சும்: ஒரு வரலாற்று நோக்கு

நோயைத் தீர்ப்பது மருந்து, நோயைத் தருவது நஞ்சு, இரண்டும் இருவேறு பொருள்கள் என்பது பொதுவாக யாவரும் கொண்டுள்ள எண்ணம். மருத்துவ வரலாறு இவ்வெண்ணத்துக்கு இடங்கொடுப்பதில்லை. நலஞ் செய்யும் ஆற்றலும் ஊறு செய்யும் ஆற்றலும் ஒரே பொருளில் ஒருங்கே உறைகின்றன. அளவு, காலம், உண்போர் உடலின் இயல்பு ஆகியவற்றுக்கேற்ப ஒன்று மேலோங்க மற்றையது அடங்குகின்றது. மருந்து என்னும் தலைப்பில் ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் அதன் பெரும்பகுதியை உணவின் அளவு பற்றிய அறிவுரைக்கே ஒதுக்கினார் என்பதை ஈண்டு நினைத்தல் தகும்.

இவ்வுண்மை உடலின் எல்லா உறுப்புகளுக்கும் பொதுவாயினும், நுரையீரலைப் பொறுத்தவரை அதற்கு ஒரு தனி இயல்பு உண்டு. மருந்து ஒவ்வாமையால் தோல் தடித்தால் அதனைக் கண் காணும். ஈரல் பழுதுற்றால் விழி மஞ்சளாகும். நுரையீரல் பழுதுற்றாலோ தோன்றுவன இருமல், காய்ச்சல், மூச்சுமுட்டு என்னும் மூன்றே. சயரோகத்தின் குறிகளும் இவையே; சளிக்காய்ச்சலின் குறிகளும் இவையே; தொய்வின் குறியும் தளர்ந்த இதயத்தின் குறியும் இவற்றுள் அடங்கும். ஆகவே மருந்தால் விளைந்த ஊறு, மருந்து எந்த நோய்க்காகக் கொடுக்கப்பட்டதோ அந்த நோயின் வேடத்தையே பூண்டு வந்து நிற்கின்றது. வேடத்தை மெய்யென நம்பிய வைத்தியர் அதே மருந்தை மேலும் கொடுப்பர்; ஊறும் மேலும் வளரும்.

அங்ஙனமாயின் இவ்வூறு எவ்வாறு கண்டறியப்பட்டது? எப்போது, யாரால், எதனைத் துணைக்கொண்டு? இவ்வினாக்களுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம். வைத்தியம் கூறுதல் வரலாறு கற்பிப்போன் தொழிலன்று. எனினும் வைத்தியரின் அறிவும் அவர்தம் அறியாமையும் வரலாற்றின் பொருளே என்பதில் ஐயமில்லை.

நுரையீரலின் இயல்பு

சுவாசப்பை என நாம் பாடசாலைகளிற் கற்பிக்கும் உறுப்பு கோடிக்கணக்கான சிற்றறைகளின் தொகுதி. அவையனைத்தையும் விரித்துப் பரப்பினால் ஏறத்தாழ 70 சதுர மீற்றர் பரப்பு வரும் என்பர். ஒவ்வொரு சிற்றறையின் சுவரும் மிக மெல்லியது. அதன் ஒருபுறம் காற்று, மறுபுறம் குருதி. இதயத்தின் வலப்புறத்திலிருந்து வெளிப்படும் குருதி முழுவதும் நுரையீரலைக் கடந்தே மீள்கின்றது. எனவே நாம் விழுங்கும் குளிசையாயினும், ஊசியால் ஏற்றும் மருந்தாயினும், குருதியிற் கலந்தபின் நுரையீரலைத் தொடாது செல்ல வழியில்லை. வாய்வழியும் மூக்குவழியும் ஊற்றப்படும் பொருள் தவறிச் சென்றாற் சேருமிடமும் அதுவே. இவ்விருவழிகளும் திறந்திருக்க, அம்மெல்லிய சுவர் தடித்துத் தழும்பேறினால் ஒட்சிசன் குருதியிற் புகமாட்டாது. தழும்பு நிலைத்துவிடின் அதனை மீட்டல் அரிது.

நஞ்சாகும் அளவில் உண்ட மருந்து நுரையீரலில் நீர்கோக்கச் செய்யும் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. கனடா நாட்டுப் பெரும் வைத்தியர் வில்லியம் ஒஸ்லர், அபினியிலிருந்து எடுக்கும் மோர்பின் மிகுந்து இறந்த ஒருவரின் நுரையீரலில் இதனைக் கண்டு 1880ஆம் ஆண்டில் எழுதிவைத்தார். ஆனால் அது மிகையளவின் விளைவு. விதித்த அளவில், நன்னோக்கத்தோடு, பலகாலம் கொடுக்கும் மருந்தும் அவ்வாறு செய்யக்கூடும் என்பதை உலகம் உணர மேலும் எழுபது எண்பது ஆண்டுகள் சென்றன.

எண்ணெயும் குழந்தையும்

முதலிற் கூறவேண்டியது மருந்துக்கடையில் விற்கும் மருந்தன்று. நம் வீட்டு அடுக்களையில் இருப்பது. குழந்தையின் மூக்கடைப்புக்கு இரண்டு துளி எண்ணெய், மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய், உடல் தேற நெய், மந்தத்துக்கு எண்ணெயிற் குழைத்த மருந்து என்று கொடுத்தல் தமிழர் வாழும் இடமெங்கும் நெடுங்கால வழக்கு. தாயின் அன்பும் பாட்டியின் அனுபவமும் அதன் பின்னே நின்றன. வழக்கத்தைப் பழித்தல் எம் கருத்தன்று. கொடுக்கும் முறையில் ஓர் இடர் மறைந்திருந்தது என்பதே கூறவேண்டியது. குழந்தையை மல்லாக்கக் கிடத்தி, அழும்போது வாயைப் பிளந்து, சில வேளை மூக்கையும் பொத்திச் சங்கினால் ஊற்றுவர். அழுகின்ற குழந்தை மூச்சை உள்ளிழுக்கும். எண்ணெயும் உடன் செல்லும்.

தண்ணீர் தவறிச் சென்றாற் புரைக்கேறும். இருமல் அதனை வெளியே தள்ளும். எண்ணெய்க்கோ அவ்வியல்பு இல்லை. அது வழவழப்பானது, மூச்சுக்குழலை உறுத்தாமல் வழுக்கி உள்ளே இறங்கிவிடும். குழலிலுள்ள நுண்மயிர்களால் அதனை மேலே ஏற்ற இயலாது. சிற்றறைகளிலே தங்கும் எண்ணெயைத் துப்புரவுக் கலங்கள் விழுங்கித் தாமும் கொழுத்துக் கிடக்கும். நாளடைவில் அவ்விடம் அழன்று தடிக்கும். தாவர எண்ணெயிலும் நெய், மீனெண்ணெய் போன்ற விலங்குக் கொழுப்பு மிகுதியாய் அழற்சி செய்யும் என்பர். கனிய எண்ணெயாகிய திரவப் பரபின் மெதுவாய்த் தழும்பேற்றும்.

இந்நோயை முதன்முதல் தெளிவாக விளக்கியவர் லாவ்லன் என்னும் நோயியல் அறிஞர். மூக்கில் எண்ணெய் மருந்து விடப்பெற்றோர் சிலரின் நுரையீரலை ஆராய்ந்து 1925ஆம் ஆண்டில் அவர் கட்டுரை வெளியிட்டார். மேலைநாடுகளிலும் அக்காலத்தில் எண்ணெய் கலந்த மூக்குத்துளிகள் வைத்தியர் எழுதிக் கொடுத்த மருந்தே. ஆகவே இதனைக் கீழைநாட்டு மூடவழக்கு என ஒதுக்குவோர் வரலாறு அறியாதோர். தென்னிந்தியக் குழந்தைகளிடத்தே காணப்பட்ட எண்ணெய்ச் சுவாசப்பை அழற்சி பற்றி 1973ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் எஸ். பாலகிருஷ்ணன் எழுதினார். லாவ்லன் கட்டுரைக்கும் இதற்கும் இடையே 48 ஆண்டுகள். அந்த ஆண்டுகளில் எத்தனை குழந்தைகளின் நோய் 'மாறாத சளி' எனவும் 'நெஞ்சுச் சளி' எனவும் பெயர் பெற்றுச் சென்றிருக்கும்!

இக்காலதாமதத்தின் காரணம் யாது? குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தீர்கள் என்று வைத்தியர் கேட்டால் தாய் எண்ணெயைச் சொல்லமாட்டாள். எண்ணெய் அவள் கணக்கில் மருந்தன்று. வைத்தியரும் கேட்கமாட்டார். எண்ணெய் அவர் நூலிலும் மருந்தன்று. இருவருக்கும் இடையே உண்மை மறைந்துகிடந்தது.

சயரோகமென மயங்கிய நோய்

வேடந்தரித்த நோயை வேறு பிரித்தறிந்த ஒரு பெருநிகழ்ச்சி நம் அயலிலே நடந்தது. அக்காலச் சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், மதனப்பள்ளிக்கு அண்மையில், ஆரோக்கியவரம் என்னும் சயரோக நிலையம் இருந்தது. அங்கே தலைமை தாங்கிய தென்மார்க்கு நாட்டவராகிய பிரிமொட்-மோலரும் அவருடன் பணிபுரிந்த பாட்டனும் 1940ஆம் ஆண்டில் ஒரு செய்தியை வெளியிட்டனர். சயரோகிகள் என்று அனுப்பப்பட்ட சிலருக்கு இருமலும் மூச்சுமுட்டும் இருந்தன. எக்ஸ்-கதிர்ப் படத்தில் நிழலும் இருந்தது. ஆயினும் சளியிற் சயக்கிருமி இல்லை. அவர்தம் குருதியில் இயோசினோபில் என்னும் வெண்குழியங்கள் அளவிறந்து பெருகியிருந்தன. 1943ஆம் ஆண்டில் வைங்காட்டன் என்பவர் இதற்கு 'அயனமண்டல இயோசினோபிலியா' எனப் பெயரிட்டு, ஆசனிக்கு என்னும் பாஷாணம் சேர்ந்த மருந்தால் இது தணிவதையும் எழுதினார். மறு ஆண்டில், இலங்கையிற் பணிபுரிந்த காட்டர் முதலியோர் நோயாளரின் சளியில் நுண்ணிய உண்ணிகளைக் கண்டு அவையே காரணமோ என ஐயுற்றனர். பின்னர் உண்மைக் காரணம் யானைக்கால் நோயின் நுண்புழுக்களுக்கு எதிராக உடல் மிகையாய்க் கிளர்தலே எனத் துணியப்பட்டது.

இந்நிகழ்ச்சியை ஈண்டு எடுத்துரைத்ததற்குக் காரணம் உண்டு. மார்பிற் காணும் நிழல் யாவும் சயரோகமன்று என்பதை இது கற்பித்தது. குருதியில் இயோசினோபில் பெருகியிருப்பின் வேறு காரணம் தேடுக என்னும் விதியையும் தந்தது. அவ்விதியைக் கைக்கொண்ட வைத்தியர், சில ஆண்டுகளுக்குள், மருந்துகளும் அதே குறியைத் தோற்றுவிப்பதைக் கண்டனர். சல்பா மருந்துகள் அவ்வாறு செய்தன. சயரோகத்தைத் தீர்க்கவென்றே வந்த பாஸ் என்னும் மருந்தும் சிலரிடத்தில் அவ்வாறு செய்தது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டில் தொடங்கிய ஆராய்ச்சி நிலையம், ஐசோநயசிட்டையும் பாஸையும் வீட்டிலிருந்தே உண்டு சயரோகம் நீங்கலாம் என 1959ஆம் ஆண்டில் உலகுக்கு நிறுவிக்காட்டியது. கோடிக்கணக்கானோருக்கு வாழ்வளித்த முடிபு அது. அம்மருந்துகளுள் ஒன்று, மிகச் சிலருக்கேனும், தான் காக்கவந்த உறுப்பிலேயே நிழல் வீழ்த்தியது. நோயின் நிழலா, மருந்தின் நிழலா என்று பிரித்தறியக் குருதிச் சோதனையும் கூரிய ஐயமும் வேண்டியிருந்தன.

சுப்பராவ் தந்த கொடை

மருந்தின் இருமுகத்தையும் ஒருங்கே காட்டும் வரலாறு எல்லப்பிரகட சுப்பராவ் அவர்களுடையது. அன்னார் 1895ஆம் ஆண்டில், அக்காலச் சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்திற் பிறந்தார். திருவல்லிக்கேணி இந்து உயர்தரப் பாடசாலையிலிருந்து மூன்றாம் முறை தோற்றியே மெற்றிக்குலேசன் தேறினார் என்பது இன்றைய மாணாக்கர் கருத்தில் இருத்தத்தக்கது. சென்னை மருத்துவக் கல்லூரியிற் கற்றார். காந்தியடிகளின் வழிநின்று கதராடை அணிந்தமையால் ஆங்கிலப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி முழுப்பட்டம் பெறாது போனார் என்பர். உடன்பிறந்தார் இருவரை ஸ்புரூ என்னும் வயிற்றுநோய்க்குப் பலிகொடுத்தவர். அந்நோயாற் தாமும் வருந்தியவர். 1923ஆம் ஆண்டில் அமெரிக்கா சென்று ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் ஆய்வு தொடங்கினார். 1940இல் லெடர்லே ஆய்வுகூடத்திற் சேர்ந்து, அங்கே ஆராய்ச்சித் தலைவராக விளங்கினார்.

ஸ்புரூ நோய்க்கு மருந்தாகும் போலிக்கமிலத்தை 1945ஆம் ஆண்டளவில் அவர்தம் குழுவினர் ஆய்வுகூடத்திலே ஆக்கினர். பொஸ்ரன் நகரத்துச் சிறுவர் வைத்தியர் சிட்னி பாபர், வெண்குருதிப் புற்றுநோயுற்ற சிறுவரிடத்தே போலிக்கமிலம் நோயை விரைவுபடுத்துவதாகக் கண்டார். அது நோயை வளர்க்குமாயின் அதன் பகையான பொருள் நோயை அடக்கும் அன்றோ? இவ்வெண்ணத்தாற் பிறந்தது அமினொப்ரெறின். அதனை அடுத்துப் பிறந்தது மெதொட்ரெக்சேற். பாபர் 1948ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையில் 16 சிறுவருள் 10 பேர் சில காலமேனும் தேறினர் எனக் கூறினார். மரணமே முடிவென்றிருந்த நோயில் முதன்முதல் வீசிய ஒளி அது. அதே ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், 53 வயதிற் சுப்பராவ் காலமானார்.

அவர் குழுவினர் 1947இல் வெளியிட்ட மற்றொரு மருந்து ஹெற்றசான். யானைக்கால் நோய்ப் புழுவை அழிப்பதும், மேலே கூறிய இயோசினோபிலியாவைத் தீர்ப்பதும் அதுவே. பாஷாணத்தை நோயாளி உடலில் ஏற்றும் இடரிலிருந்து வைத்தியரை விடுவித்தது அம்மருந்து. அதே 1947ஆம் ஆண்டில் இலங்கையில் யானைக்கால் ஒழிப்பு இயக்கம் தோன்றியது. இரவு வேளையில் வீடுகளுக்கு வந்து விரல்நுனியிற் குருதி எடுத்துச் சென்ற ஊழியரைக் கொழும்பு முதியோர் மறந்திரார். 2016ஆம் ஆண்டில் இந்நோய் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இந்நாட்டில் ஒழிந்தது என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. நம் நெஞ்சைக் காத்த மருந்துகளுள் ஒன்றைச் சுப்பராவுக்கு நாம் கடன்பட்டுள்ளோம்.

அவரது மற்றைக் கொடையாகிய மெதொட்ரெக்சேற்றின் கதையோ வேறு. அது பல புற்றுநோய்களுக்கும், பின்னர் சொறியாசிசு என்னும் தோல்நோய்க்கும், மூட்டுவாதத்துக்கும் பயன்பட்டது. 1969ஆம் ஆண்டில், வெண்குருதிப் புற்றுநோய்க்காக இம்மருந்தைப் பெற்றவரிடையே தோன்றிய நுரையீரல் அழற்சி பற்றிய அறிக்கை வெளிவந்தது. வறட்டிருமல், காய்ச்சல், விரைந்து பெருகும் மூச்சுமுட்டு என்பன அதன் குறிகள். புற்றுநோயாளிக்குக் காய்ச்சலும் இருமலும் வந்தால் யார்தான் கிருமித் தொற்றென்று எண்ணார்? தொற்றென்று எண்ணிக் கிருமிக்கொல்லி கொடுத்து, மெதொட்ரெக்சேற்றையும் தொடர்ந்தால் உயிருக்கே இடர். நிறுத்தினாற் பெரும்பாலோர் தேறுவர்.

இவ்வூறு அரிது, மூட்டுவாத நோயாளருள் நூற்றில் ஒருவருக்கும் குறைவாகவே நேர்கின்றது என அண்மைக்கால ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே உலகம் அம்மருந்தைக் கைவிடவில்லை. அதனோடு வாழும் முறையைக் கற்றது. தொடங்குமுன் மார்புப் படம் எடுத்தல், புதிய இருமல் கண்டவுடன் வைத்தியருக்கு அறிவித்தல், மூட்டுவாதத்துக்கு வாரத்தில் ஒரு நாள் மட்டும் உண்ணுதல் என்பன அம்முறை. வாரம் ஒருமுறை என்பதை நாளும் ஒருமுறை எனப் பிழையாக விளங்கியமையால் உலகெங்கும் உயிர்கள் நீங்கியுள்ளன. ஓர் எழுத்துச்சீட்டைச் சரியாக வாசித்தல் உயிர்காக்கும் கல்வி என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

ஒன்றையொன்று ஒத்த மூன்று கதைகள்

இனி மூன்று மருந்துகளைச் சுருக்கமாக நோக்குவாம். சிறுநீர்த் தொற்றுக்கு 1953ஆம் ஆண்டு முதல் வழங்கிய நைற்றோபியூரன்ரோயின் என்பது முதலாவது. 1962இல் இஸ்ரேல், டயமண்ட் என்னும் இரு வைத்தியர், இம்மருந்தால் நுரையீரலில் மீண்டும் மீண்டும் தோன்றிய நோயைப் பற்றி எழுதினர். மருந்தை உண்ட போதெல்லாம் நோய் வந்தது; விட்டபோதெல்லாம் நீங்கியது. ஒருமுறை வந்தாற் சளிக்காய்ச்சல் எனலாம். அடுத்தடுத்து வந்தபோது உண்மை வெளிப்பட்டது.

இரண்டாவது அமியோடரோன். எகிப்து நாட்டிற் பழங்காலந்தொட்டு வைத்தியத்துக்கு வழங்கிய ஒரு செடியின் விதையிலிருந்து பெற்ற பொருளை ஆராய்ந்ததன் பயனாகப் பெல்ஜியம் நாட்டில் 1960களின் தொடக்கத்தில் இம்மருந்து ஆக்கப்பட்டது. தாறுமாறாய்த் துடிக்கும் இதயத்தை இது ஒழுங்குபடுத்தும் என்பதை ஒக்ஸ்போட்டில் வோகன் வில்லியம்சும், பிஜித் தீவிற் பிறந்த இந்திய வம்சத்தவராகிய பிராமா சிங்கும் 1970இல் விளக்கினர். இம்மருந்தின் நிறையில் மூன்றிலொரு பங்குக்கு மேல் அயடீன். கொழுப்பிலே சேர்ந்து பல மாதங்கள் உடலை விட்டு நீங்காது. 1980 முதல் இதன் நுரையீரல் ஊறு தெளிவாயிற்று. இதனை உண்போர் இதயநோயாளர். இதயம் தளர்ந்தாலும் மூச்சு முட்டும். எனவே மூச்சுமுட்டைக் கண்டவர் இதயத்தின்மேற் பழியைப் போட்டனர்.

மூன்றாவது பிளியோமைசின். யப்பான் நாட்டு அறிஞர் ஹமாவோ உமெசாவா மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து பெற்று 1966இல் வெளியிட்ட புற்றுநோய் மருந்து இது. இம்மருந்தைச் சிதைத்து அடக்கும் ஒரு நொதியம் உடலின் பல உறுப்புகளில் உண்டு. நுரையீரலிலும் தோலிலும் அது மிகக் குறைவு. அதனாலேயே ஊறு அவ்விரண்டு இடத்திலும் தோன்றுகின்றது. மொத்த அளவு 400 அலகைக் கடந்தால் இடர் பெருகும் எனக் கண்டு எல்லை வகுத்தனர். இம்மருந்து பெற்றவர் சில காலத்தின் பின் சத்திரசிகிச்சைக்குச் செல்லும்போது மிகுதியான ஒட்சிசன் கொடுப்பதும் தீங்காகலாம் என 1970களின் இறுதியில் எச்சரிக்கை பிறந்தது. மயக்கமருந்து கொடுக்கும் வைத்தியருக்கு இதனை யார் சொல்வது? பழைய மருந்தின் பெயரை நோயாளி அறிந்திருந்தால் அன்றோ சொல்ல முடியும்!

மருந்தால் வரும் இருமல் அனைத்தும் நுரையீரற் பழுதன்று என்பதையும் கூறுதல் கடன். குருதி அமுக்கத்துக்குப் பலர் உண்ணும் எனலப்பிரில் என்னும் குளிசை சிலருக்கு ஓயாத வறட்டிருமலைத் தரும். பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சை ஆராய்ந்ததாற் பிறந்த மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது அது. அவ்விருமல் தொல்லையே அன்றி நுரையீரற் சிதைவன்று. வைத்தியர் மருந்தை மாற்றினால் நின்றுவிடும். ஆயினும் காரணம் தெரியாது மாதக்கணக்கில் இருமற் பாணி குடிப்போர் நம் தெருவிலும் உளர்.

எழுதிவைத்தலின் பயன்

இக்கதைகள் யாவற்றுக்கும் பொதுவானது ஒன்று. தனி வைத்தியர் ஒருவர் தம் ஐயத்தை எழுதிவைத்தார். மற்றொருவர் அதனை வாசித்துத் தம் நோயாளியை நினைவுகூர்ந்தார். இவ்வாறு தற்செயலாய் நடந்ததை ஓர் ஒழுங்காக்கியது 1961ஆம் ஆண்டின் தலிடொமைட்டுத் துயரம். கருவுற்ற மகளிர் உண்ட அம்மருந்தால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்தன. அதன்பின் அரசுகள் விழித்தன. பிரித்தானியா 1964இல் வைத்தியர் நிரப்பி அனுப்பும் மஞ்சள் அட்டையை அறிமுகஞ் செய்தது. 1968இல் உலக சுகாதார நிறுவனம் நாடுகளின் அறிக்கைகளை ஒன்றுசேர்க்கத் தொடங்கியது.

பயன் விரைவிற் கிட்டியது. சுவீடன் நாட்டிலே 1966 முதல் 1976 வரை நைற்றோபியூரன்ரோயினால் நேர்ந்த நுரையீரல் ஊறுகள் மட்டும் 447 பதிவாகியிருந்தன. தனித்தனியே நோக்கினால் ஒவ்வொன்றும் ஓர் ஐயம். ஒருங்கே நோக்கினால் மறுக்கவொண்ணா உண்மை. 1972இல் ரோசினோ என்னும் அமெரிக்க வைத்தியர் நுரையீரலைப் பாதிக்கும் மருந்துகளைத் தொகுத்தபோது அவை இருபது அளவிலேயே இருந்தன. பிரான்சின் டிஜோன் நகரத்துப் பிலிப் கமு பின்னாளில் தொகுத்த பட்டியலோ பல நூறு மருந்துகளைக் கொண்டது. மருந்துகள் கொடியனவாய் மாறிவிட்டன என்பது இதன் பொருளன்று. காணும் கண்களும் எழுதும் கைகளும் பெருகின என்பதே பொருள்.

நோயில்லாதவரும் மருந்துக்கு இரையான வரலாறு ஒன்று உண்டு. உடல் மெலியவென்று சுவிற்சலாந்து, ஒஸ்திரியா, மேற்கு ஜேர்மனி ஆகிய நாடுகளில் 1965 முதல் விற்கப்பட்ட அமினொரெக்ஸ் என்னும் மருந்து, நுரையீரற் குருதிக் குழாய்களை இறுக்கிப் பலரை நோயாளராக்கியது. 1968இல் அது விலக்கப்பட்டது. அழகுக்காகக் குளிசை தேடுவோர் அறியவேண்டிய செய்தி இது.

பெயரில்லாப் பொட்டலம்

இலங்கைக்கு வருவோம். இந்நாட்டின் முதலாவது மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே. 1920இற் பிறந்த அவர், வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் சேர்ந்து 1971இல் அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். அவ்வாண்டிலேயே அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்ற, அவர் அதன் முதலாவது தலைவரானார். ஒரே மருந்து பல வணிகப்பெயர்களிற் பல விலைக்கு விற்கப்படுவதைக் கண்டு, பொதுப்பெயரால் மருந்தை எழுதுதல் வேண்டும் என்றார். இறக்குமதியான மருந்து வகைகள் 2,100 அளவிலிருந்து 600 அளவுக்குக் குறைந்தன. 1977இல், ஐக்கிய நாடுகள் பணியில் இருந்தபோது, கயானா நாட்டில் அவர் காலமானார். அவருடைய கொள்கை பின்னர் உலகின் பல நாடுகளுக்கு வழிகாட்டியது. மருந்துகளை ஒழுங்குபடுத்த 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஓர் அதிகாரசபையையும் நிறுவியுள்ளது.

பிபிலேயின் சீர்திருத்தத்தை யாவரும் பணச்சிக்கனத்தின் கண்கொண்டே நோக்குவர். அதனினும் ஆழ்ந்த பயன் ஒன்று அதில் உண்டு. ஒரு பொருளுக்கு ஒரு பெயர் இருந்தாலன்றி அதன் குற்றத்தை எவரும் சுட்ட இயலாது. பத்துப் பெயரில் உலவும் மருந்து பத்து முகமூடி அணிந்த ஒருவனை ஒப்பது.

பெயரே இல்லாத மருந்தை என்னென்பது! கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும், ஏன், நாடு முழுவதிலும், தனியார் வைத்தியசாலைகளில் ஒரு நெடுவழக்கு உண்டு. சிறிய கடதாசிப் பையில் வெள்ளைக் குளிசை நான்கு, மஞ்சள் குளிசை இரண்டு எனப் போட்டுக் காலை, மாலை என்று கோடிட்டுக் கொடுப்பர். பெயர் இராது. பழுதின்றி நோய் நீங்கினால் நன்று. நீங்காது மூச்சு முட்டினால், அடுத்த வைத்தியர் கேட்கும் முதற் கேள்விக்கு நோயாளியின் விடை 'வெள்ளைக் குளிசை' என்பதே. உலகிலுள்ள குளிசைகளிற் பெரும்பாலன வெள்ளையானவை அல்லவா? மதனப்பள்ளியிற் குருதியை எண்ணியவர்களும், மருந்தை உண்டபோதெல்லாம் நோய் வந்ததைக் கண்டவர்களும் பெற்றிருந்த துணை இந்நோயாளிக்கு இல்லை. அறிவு உலகிலே உண்டு. ஒரு சொல் இல்லாமையால் அது அவன் படுக்கையை வந்தடைவதில்லை.

இக்குறையை நீக்கப் பெருஞ்செல்வம் வேண்டா. மருந்தின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளும் துணிவு வேண்டும். வீட்டில் முதியோர் உண்ணும் மருந்துகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதி வைத்தல், ஆஸ்பத்திரிக்குச் செல்லும்போது அதனையும் எடுத்துச் செல்லல், கடையில் வாங்கிய குளிசையையும் பரியாரியார் தந்த சூரணத்தையும் குழந்தைக்கு விட்ட எண்ணெயையும் மறையாது கூறல் என்பன எட்டாம் வகுப்பு மாணவனும் செய்யத்தக்கவை. இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் சேர்தல் வேண்டும். இக்கட்டுரையை வாசித்தோர் அஞ்சித் தம் மருந்தைத் தாமே நிறுத்துதல் கூடாது. நோயைத் தீர்க்காது விடுவதால் வரும் கேடு, மருந்தால் வரும் அரிய கேட்டினும் பன்மடங்கு பெரிது. ஐயத்தை வைத்தியரிடம் கூறுதலே நம் கடன். துணிதல் அவர் கடன்.

மருத்துவத்துக்கு நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுவோர் என நான்கு உறுப்புகள் உண்டெனத் திருக்குறள் வகுத்தது. நுரையீரற் பழுதின் வரலாறு இந்நான்கையும் ஒருங்கே நம் கண்முன் நிறுத்துகின்றது. வைத்தியர் ஐயுறுதலும், நோயாளி மறையாமையும், மருந்து தன் பெயரோடு வருதலும் வேண்டும். நான்காம் உறுப்பாகிய உதவுவோர், அதாவது தாயும் மகளும் பேரனும், கொடுத்தது யாது என்று சொல்ல அறிந்திருத்தல் வேண்டும். முதல் மூன்றையும் திருத்தும் ஆற்றல் அரசுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் உரியது. நான்காவதைத் திருத்தும் ஆற்றல் பாடசாலைக்கு உரியது. எழுதப் படிக்கக் கற்பிப்பதன் பயனை நாம் பலவாறு கூறுகின்றோம். பாட்டியின் மருந்துப் பையைப் பேரன் வாசித்து, அதன் பெயரை வைத்தியருக்குச் சொல்வானாயின், அதுவும் அக்கல்வியின் பயனே.